பிக்காசோ எது, பிராக் எது? பெயர்ப்பலகை இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

ரைன்கரை:

வணக்கம். நாங்கள் சுவிசில் பாசல் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகள் பள்ளியில் சித்திரத்தைச் சிறப்புப் பாடமாகப் படிக்கிறாள். பொருள்களைத் துண்டுதுண்டாக உடைத்து வரையும் கியூபிசம் என்ற ஓவியப் பாணி பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதால் போன ஞாயிற்றுக்கிழமை அவளோடு பாசல் கலை அருங்காட்சியகத்துக்குப் போனேன்.

அங்கே ஜார்ஜ் பிராக்கின் ‘போர்த்துக்கீசியன்’ படமும் பிக்காசோவின் ‘காளைச்சண்டை ரசிகன்’ படமும் இருக்கின்றன. முதலாவது 1911இல் தொடங்கியது, மற்றது 1912 கோடையில் வரைந்தது. இரண்டிலும் அதே மண்ணிறம், அதே சாம்பல். இரண்டிலும் ஓர் ஆள் இருக்கிறான் என்கிறார்கள். இரண்டிலும் கிட்டார் மாதிரி ஏதோ ஒன்று, நடுநடுவே அச்சு எழுத்துகள். பெயர்ப்பலகையை மறைத்துவிட்டு யார் வரைந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. வான்கோ, மோனே என்றால் வாசலில் நின்றே சொல்லிவிடலாம். இங்கே கிட்டப் போய் நின்றும் விளங்கவில்லை.

மகளின் கட்டுரையில் இருவருடைய பாணியும் எங்கே வேறுபடுகிறது என்று படங்களை வைத்தே காட்ட வேண்டுமாம். வாசித்த புத்தகங்களில் எல்லாம் “இருவரும் சேர்ந்து உருவாக்கினார்கள்” என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் வேறுபாடு இருக்கிறதா, அல்லது பெயரைப் படித்த பிறகு நாமாகக் கற்பனை செய்துகொள்கிறோமா?

மகள் இன்னொன்றும் கேட்கிறாள். அந்த வருடங்களில் இவர்கள் படத்தின் முன்பக்கம் கையெழுத்தே போடவில்லையாம், பின்பக்கம்தான் போட்டார்களாம். அப்படியென்றால் பிரித்துப் பார்ப்பதே அவர்களுடைய எண்ணத்துக்கு விரோதம் இல்லையா?

தூரிகை:

அக்கா, நான் ஓவியம் படிக்கிற மாணவி. எங்களுக்குக் கொடுத்த குறிப்பில் இருப்பது இதுதான்: பிக்காசோ 1907இல் ‘அவிஞ்ஞோன் பெண்கள்’ வரைந்தார், அதிலிருந்து கியூபிசம் பிறந்தது, பிராக் அவரைப் பின்பற்றினார். இரண்டு பேர் படமும் ஒரே மாதிரி இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உருவம் கொஞ்சம் தெளிவாக இருந்தால் பிக்காசோ என்று எடுத்துக்கொள்ளலாம். சீனியர்கள் யாராவது உறுதிப்படுத்தினால் எனக்கும் உதவும்.

சித்திர மாஸ்டர்:

ரைன்கரை தங்கச்சி, நீங்கள் நின்ற இடம் நல்ல இடம். கியூபிசத்தைப் பார்க்க பாசலைப் போல வாய்ப்பான ஊர் ஐரோப்பாவில் மிகக் குறைவு. ரவுல் லா ரோஷ் என்ற பாசல் ஊர் வங்கிக்காரர் பாரிசில் வாழ்ந்தபோது சேர்த்த படங்களை 1952இல் இருந்து பகுதி பகுதியாகத் தன் ஊருக்குக் கொடுத்தார். நீங்கள் பார்த்தவற்றில் முக்கியமானவை அவர் கொடுத்தவைதான்.

வேறுபாடு இருக்கிறது. கற்பனை இல்லை. ஆனால் அதைப் பொருள்களில் தேடினால் கிடைக்காது. ஆள் எங்கே, கிட்டார் எங்கே, மூக்கு எங்கே என்று தேடுவதை நிறுத்திவிட்டு, ஒரு பொருளுக்கும் அடுத்த பொருளுக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தை எப்படி வரைந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பிக்காசோவுக்கு வெற்றிடம் என்பது உருவத்துக்குப் பின்னால் இருப்பது. பிராக்குக்கு அதுவே வரைய வேண்டிய விஷயம். நான் சொல்ல வருவது முழுவதும் இதற்குள் அடங்கும்.

‘காளைச்சண்டை ரசிகன்’ முன்னால் போய் நில்லுங்கள். எத்தனை துண்டாக உடைத்திருந்தாலும் நடுவில் ஒரு கோபுரம் எழுந்து நிற்கும். மீசை, விறைப்பான சட்டையின் முன்பக்கம் எல்லாம் அந்தக் கோபுரத்தில் ஒட்டியிருக்கும். ஓரங்களுக்குப் போகப் போக வேலை குறையும். விளிம்புகள் கூர்மை. ஒரு தளத்தின் ஓரத்தில் கறுப்பு, உடனே பக்கத்தில் வெளிச்சம். சிற்பி களிமண்ணில் விரலை அழுத்தி எடுத்த மாதிரி. பிக்காசோ அடிப்படையில் உடம்பை நினைக்கிற ஆள். 1910இல் அவர் வரைந்த வொல்லார், ஊடே, கான்வைலர் மூன்று பேரும் ஓவிய வியாபாரத்தில் இருந்தவர்கள், பெயர் சொல்லக்கூடிய மனிதர்கள். கான்வைலரின் படத்தில் முகம் இருநூறு துண்டாகப் போனாலும் தலைமுடியின் அலை, கடிகாரச் சங்கிலி, கோத்த கைகள் மூன்றும் தப்பி நிற்கின்றன. பிராக் அந்தக் காலத்தில் இப்படி இன்னார் என்று சொல்லக்கூடிய ஆள்களை வரைவதில் அக்கறை காட்டவில்லை.

அதே அருங்காட்சியகத்தில் பிக்காசோவின் இன்னொரு படம் இருக்கிறது: மேசை மேல் ரொட்டிகளும் பழக்கிண்ணமும். 1908–09 குளிர்காலத்தில் வரைந்தது. அது தொடங்கும்போது உணவுக்கடை மேசையைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருக்கும் காட்சி. போகப் போக ஆட்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரொட்டியையும் பழத்தையும் வைத்தார். முதலில் போட்ட சிறு வரைபடங்கள் கிடைத்திருப்பதால் இது தெரியும். அந்த நீள ரொட்டிகளைப் பாருங்கள், எவ்வளவு கனம்! மேசையில் கையை ஊன்றிய ஆட்களின் கனம் அது. பிக்காசோவின் கையில் ரொட்டிக்கும் உடம்பு உண்டு.

இப்போது ‘போர்த்துக்கீசியன்’. இங்கே ஆளின் வெளிக்கோடு எங்கே முடிகிறது என்று விரலால் தொடர்ந்து பாருங்கள். முடியாது. தோள் கதவாகும், கதவு வெளிச்சமாகும், வெளிச்சம் மறுபடி கையாகும். தூரிகைத் தொடுகைகள் சின்னச் சின்னதாக, பெரும்பாலும் கிடையாக, படம் முழுக்க ஒரே மூச்சில் போகின்றன. ஓரத்துக்கும் நடுவுக்கும் ஒரே கவனம். ஒளியும் வேறு. பிக்காசோவில் ஒளி வெட்டும், பிராக்கில் வடிகட்டிய ஒளி வெள்ளி மாதிரி பரவும். கிட்டாரின் துளையும் தந்திகளும் மட்டும் கீழே கொஞ்சம் பிடிபடும்.

அந்த அச்சு எழுத்துகளுக்கு வருவோம். மேலே ‘கிரான் பால்’ என்ற நடன விழாச் சுவரொட்டியின் மிச்சம் மாதிரி சில எழுத்துகள், பக்கத்தில் 10,40 என்ற எண். பெட்டிகளில் பெயர் போட வைத்திருப்பார்களே, அந்த மாதிரி வெட்டுத்தகட்டை வைத்து எழுதியவை. பிராக் பின்னாளில் அதற்குக் காரணம் சொன்னார்: எழுத்து தட்டையானது, அதற்கு ஆழம் கிடையாது, எனவே அதைச் சிதைக்க முடியாது. ஆழத்துக்கு வெளியே நிற்கும் எழுத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் மற்றவை எல்லாம் எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன என்று கண்ணுக்குத் தெரியும். எழுத்தைக்கூட அவர் இடைவெளியை அளக்கத்தான் வைக்கிறார். பிக்காசோவின் படத்தில் ‘நீம்’ என்ற ஊர்ப்பெயரும் காளைச்சண்டை வீரனைக் குறிக்கும் ‘தொரெரோ’வும் வரும். அவை நேராகக் கதைக்குப் போகின்றன. நீம் நகரில் பழைய ரோமானிய அரங்கில் காளைச்சண்டை நடக்கும், இந்த ஆள் அதன் ரசிகன். எழுத்தைப் படித்தவுடன் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

கியூபிசத்தின் பிறப்பைப் பற்றித் தூரிகை எழுதியதற்கு நாளை தனியாக எழுதுகிறேன். அதைச் சும்மா விட முடியாது.

ரைன்கரை:

மாஸ்டர், மிக்க நன்றி. மகளுக்கு வாசித்துக் காட்டினேன். ரொட்டி விஷயம் அவளுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. அடுத்த முறை போகும்போது அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்கிறாள்.

சித்திர மாஸ்டர்:

தூரிகை, கோபிக்க வேண்டாம் பிள்ளை. உங்கள் மேல் குறை சொல்லவில்லை. அந்தக் குறிப்பு எத்தனையோ மொழிகளில் அப்படியேதான் எழுதப்படுகிறது. பிராக்கைப் பின்னால் வந்தவராக எழுதுவது எனக்கு நெடுநாள் மனவருத்தம்.

1906 அக்டோபரில் முன்தலைமுறைப் பிரெஞ்சு ஓவியர் செசான் இறந்தார். மறு வருடம் பாரிஸ் இலையுதிர்காலக் கண்காட்சியில் அவர் படங்களை மொத்தமாக வைத்தார்கள். அந்தத் தலைமுறையில் எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். பிராக் அதற்கு முன்னர் மத்தீஸ், தெரைன் வழியில் பளீரென்ற நிறங்களில் வரைந்துகொண்டிருந்தவர். 1908 கோடையில் செசான் வரைந்த அதே லெஸ்தாக் ஊருக்குப் போனார். மார்செய்க்குப் பக்கத்துக் கடற்கரை ஊர். அங்கே வீடுகளை வரைந்தார். கதவு இல்லை, சன்னல் இல்லை, வானம் இல்லை. பச்சையும் மண்ணிறமும் மட்டும், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நம்மை நோக்கி வரும் வீடுகள். அவற்றில் ஒன்று இப்போது பேர்ன் நகரில் இருக்கிறது, ரைன்கரை குடும்பம் ரயிலில் போய்ப் பார்க்கலாம்.

அந்தப் படங்களை இலையுதிர்காலக் கண்காட்சியின் தேர்வுக்குழு ஏற்கவில்லை. குழுவில் மத்தீஸ் இருந்தார். அந்த நவம்பரில் கான்வைலர் ரூ விஞ்ஞோன் தெருவில் இருந்த தன் சின்னக் கூடத்தில் அவற்றைத் தொங்கவிட்டார். வொக்செல் என்ற விமர்சகர், பிராக் எல்லாவற்றையும் கனசதுரமாக்குகிறார் என்று எழுதினார். கியூபிசம் என்ற பெயர் அங்கிருந்து வளர்ந்ததுதான். அதாவது அந்தப் பெயரைச் சம்பாதித்தவை பிராக்கின் படங்கள். பிக்காசோவின் 1907ஆம் ஆண்டுப் படம் பெரிய உடைப்பு, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அதில் ஐந்து பெண்களின் உடம்பு உடைந்தது. வெற்றிடம் உடைந்தது லெஸ்தாக்கில்.

பிறகு இருவரும் அநேகமாகத் தினமும் ஒருவர் அறைக்கு ஒருவர் போய், அன்று என்ன வரைந்தாய் என்று பார்த்தார்கள். மலையேறும்போது ஒரே கயிற்றில் கட்டிக்கொண்ட இருவரைப் போல இருந்தோம் என்று பிராக் பின்னாளில் சொன்னார். அதில் யார் முன்னால், யார் பின்னால் என்று கேட்பது பொருந்தாது. 1911 கோடையில் பிரான்சின் தெற்கு மூலையில் செரே என்ற ஊரில் சேர்ந்து வேலை செய்தார்கள். அப்போது பிக்காசோ வரைந்த ‘அக்கோர்டியன் வாசிப்பவன்’ படத்தைப் பிற்காலத்தில் வாங்கிய ஒருவர் இயற்கைக்காட்சி என்றே நினைத்திருந்தார். பின்பக்கம் ‘செரே’ என்று ஊர்ப்பெயர் எழுதியிருந்ததுதான் காரணம். எனவே ரைன்கரை, கிட்டப் போயும் விளங்கவில்லை என்று நீங்கள் வருந்தவே வேண்டாம்.

அடுத்தது கைவேலை. இங்கேதான் பிராக் யார் என்று எனக்கு முழுதாகத் தெரிந்தது. அவர் அப்பாவும் தாத்தாவும் வீடுகளுக்கு வண்ணம் அடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். லெ ஹாவ்ர் துறைமுகத்தில் வளர்ந்த பிராக், அதே தொழிலை முறையாகப் பழகி 1900இல் பாரிசுக்கு வந்தார். சாதாரணப் பலகையைத் தேக்கு மாதிரியும் பளிங்கு மாதிரியும் காட்டும் வித்தை எல்லாம் அவருக்குக் கைவந்தது. ஓவியர்கள் கேவலமாக நினைத்த அந்த வித்தையை அவர் தன் படத்துக்குள் கொண்டுவந்தார். மர ரேகை இழுக்கும் சீப்பைப் பிக்காசோவுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். பிக்காசோ அந்தச் சீப்பை வாங்கி என்ன செய்தார் தெரியுமா? 1912இல் வரைந்த ‘கவிஞன்’ படத்தில் தலைமுடிக்கும் மீசைக்கும் இழுத்தார். அந்தப் படமும் பாசலில்தான் இருக்கிறது. ஒரே கருவி, ஒருவருக்கு மேசைப்பலகை, மற்றவருக்கு மனிதன்.

கோவை பெயின்டர்:

சார், நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. சீப்பு என்று பார்த்ததும் எழுத வேண்டும் போல இருந்தது. இரும்புக் கதவில் மர ரேகை கேட்பார்கள். முதலில் வெளிர் நிறத்தில் ஒரு கோட்டிங், அது நன்றாகக் காய வேண்டும். மேலே அடர் நிறத்தை மெல்லிசாக இழுத்து, ஈரம் இருக்கும்போதே சீப்பை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். நடுவில் கை நின்றால் ரேகை செத்துவிடும், துடைத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டியதுதான். கை முழங்கையிலிருந்து வர வேண்டும், மணிக்கட்டிலிருந்து வந்தால் கோடு வளையும். நேர்ப் பலகையில் இழுப்பதே சிரமம். மீசையில் வளைத்து இழுத்திருக்கிறார் என்றால் அதற்குத் துணிச்சல் வேண்டும். இவ்வளவு பெரிய ஓவியர் எங்கள் தொழிலிலிருந்து வந்தவர் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் வேறு என்னென்ன கொண்டுபோனார் என்று எழுதுங்கள் சார்.

சித்திர மாஸ்டர்:

தம்பி, அருமையாகச் சொன்னீர்கள். மணிக்கட்டு, முழங்கை பற்றி நீங்கள் எழுதிய வரி எந்தக் கலை வரலாற்றுப் புத்தகத்திலும் நான் பார்க்காதது.

இன்னும் இரண்டு மூன்று உண்டு. சாயத்தில் மணலைக் கலந்தார். மேற்பரப்பு சொரசொரப்பானால் ஒளி வேறுவிதமாக உட்காரும், கண்ணாலேயே தொட்டுப் பார்க்கலாம். பிறகு காகிதம். 1912 கோடையில் இருவரும் அவிஞ்ஞோனுக்குப் பக்கத்தில் சோர்க் என்ற ஊரில் வீடு எடுத்திருந்தார்கள். அவிஞ்ஞோனில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் மர ரேகை அச்சடித்த சுவர்க்காகிதச் சுருள் ஒன்றை பிராக் பார்த்தார். பிக்காசோ பாரிசுக்குப் போகும்வரை பிராக் பொறுத்திருந்து, அவர் போனதும் அதை வாங்கி வெட்டி, கரிக்கோட்டு வரைபடத்தில் ஒட்டினார். ‘பழக்கிண்ணமும் கிளாசும்’ அப்படி வந்தது. ஒட்டுக்காகித ஓவியம் என்ற வகையே அதோடு தொடங்கியது. அக்டோபரில் பிக்காசோ எழுதிய கடிதத்தில், உன் காகித முறையையும் தூள் முறையையும்தான் நான் இப்போது கையாள்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்கிறார். தூரிகை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதே காகிதத்தைப் பிக்காசோ எடுத்தபோது நடந்தது வேறு. செய்தித்தாளை வெட்டி, ‘போர் தொடங்கிவிட்டது’ என்ற பால்கன் போர்த் தலைப்பின் துண்டைக் கிட்டாருக்குக் கீழே ஒட்டினார். பிராக்கின் காகிதம் சத்தமில்லாமல் மேசையாக, நிழலாக இருக்கும். பிக்காசோவின் காகிதம் பேசும், சீண்டும். எனக்கு பிராக்கின் மௌனம் பிடிக்கும். அதற்காகப் பிக்காசோவின் துடுக்குத்தனம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன்.

1914 ஆகஸ்ட் 2ஆம் தேதி போருக்குப் போன பிராக்கையும் தெரைனையும் பிக்காசோ அவிஞ்ஞோன் ரயில் நிலையத்தில் வழியனுப்பினார். ஸ்பெயின் நாட்டுக்காரர் என்பதால் அவர் போக வேண்டியதில்லை. 1915 மே மாதம் பிராக்கின் தலையில் பலத்த காயம். மண்டையோட்டில் துளையிட்டுச் சிகிச்சை செய்தார்கள், மறுபடி தூரிகை எடுக்க நெடுங்காலம் ஆயிற்று. அந்தக் கூட்டு அதோடு முடிந்தது. கான்வைலர் ஜெர்மன்காரர் என்பதால் அவருடைய படங்களைப் பிரெஞ்சு அரசு எடுத்துக்கொண்டு 1921 முதல் 1923 வரை ஏலம் விட்டது. நூற்றுக்கணக்கான படங்கள் குறைந்த விலைக்குப் போயின. லா ரோஷ் பலவற்றை வாங்கியது அங்கேதான்.

தூரிகை:

மாஸ்டர், ரொம்ப நன்றி. கடிதத்தைக் குறித்துக்கொண்டேன். ஒரே ஒரு சந்தேகம்: மற்றக் கியூபிச ஓவியர்களான ஹுவான் க்ரி, லெஜே இருவரும் இதில் எங்கே வருவார்கள்?

சித்திர மாஸ்டர்:

சுருக்கமாகச் சொல்கிறேன், அவர்களைக் கண்டுபிடிப்பது எளிது. க்ரியின் படம் தெளிவாக இருக்கும், ஓரங்கள் அளவுகோல் வைத்த மாதிரி நேராக இருக்கும், நிறமும் குளிர்ந்த நீலம், பச்சை என்று துணிந்து வரும். செசான் பாட்டிலை உருளையாக்கினார், நான் உருளையிலிருந்து பாட்டிலைச் செய்கிறேன் என்ற பொருளில் எழுதியவர். 1912இல் அவர் வரைந்த பிக்காசோவின் உருவப்படத்தைப் பாருங்கள், க்ரியின் கை எது என்று தெரிந்துவிடும். லெஜே என்றால் குழாய்களும் உருளைகளும், சிவப்பு நீலம் வெள்ளை. பாசலில் அவருடைய ‘நீல உடைப் பெண்’ இருக்கிறது. 1911 வசந்தக் கண்காட்சியில் 41ஆம் அறையில் கியூபிஸ்டுகள் என்று பாரிஸ் மக்கள் பார்த்தது லெஜே, மெட்சிஞ்சர், கிளேஸ் போன்றவர்களைத்தான். பிக்காசோவும் பிராக்கும் அங்கே படம் வைக்கவே இல்லை.

ரைன்கரை:

மாஸ்டர், இன்று மறுபடி போய் வந்தோம். மகள் பென்சிலும் தாளும் கொண்டுபோனாள். இரண்டு படங்களின் முன்னாலும் உட்கார்ந்து கோடுகளை மட்டும் எடுத்துப் பார்த்தாள். பிக்காசோவின் ரசிகனை நடுக்கோட்டில் தொடங்கி இருபக்கமும் கட்டிக்கொண்டு போக முடிந்தது என்கிறாள். போர்த்துக்கீசியனில் பென்சிலை எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லையாம், தாளின் ஓரம் வந்ததால் நிறுத்தினாளாம். கட்டுரையில் அந்த இரண்டு வரைபடங்களையும் சேர்க்கப் போகிறாள்.

ஆனால் ஒரு இடத்தில் அவள் உங்களோடு ஒத்துப்போகவில்லை. ‘கவிஞன்’ படத்தில் பின்னணி மென்மையாகக் கரைகிறது, நீங்கள் சொன்ன கூர்மை அங்கே குறைவு என்கிறாள். பிராக்கின் குடமும் வயலினும் உள்ள படத்தில் மேலே ஒரு ஆணி, அதன் நிழலோடு தத்ரூபமாக இருக்கிறது. அது பிக்காசோவின் குறும்பு மாதிரித் தெரிகிறதாம்.

சித்திர மாஸ்டர்:

உங்கள் மகளின் கண் நல்ல கண். ‘கவிஞன்’ சோர்க்கில் வரைந்தது, பிராக் பக்கத்தில் இருந்த காலம். ஒருவர் கை மற்றவர் படத்துக்குள் வந்துபோன நாட்கள் அவை. எனவே ஒரே ஒரு அடையாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. நான் சொன்னவற்றில் மூன்று நான்கு சேர்ந்து வந்தால் மட்டும் நம்புங்கள்.

ஆணியை நான் வேறுமாதிரி பார்க்கிறேன். அது 1909–10இல் வரைந்தது, எழுத்துகள் வருவதற்கு முன்பு. கீழே எல்லாம் உடைந்து மிதக்கும்போது, பழைய முறையில் நிழலோடு வரைந்த ஒரே ஒரு பொருள் அது. பின்னால் எழுத்துகள் செய்யப்போகும் வேலையை அந்த ஆணி முதலே செய்கிறது. குறும்பு என்று அவள் எழுதினாலும் எழுதட்டும், ஆணிக்கு எதிரே எழுத்துகளை வைத்து ஒப்பிட்டால் வாதம் பலப்படும்.

கையெழுத்துக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர்கள் பெயரை மறைத்தது, தனிமனிதனின் அடையாளம் இல்லாமலே படம் நிற்குமா என்று பார்ப்பதற்காக. பிராக் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். படம் நின்றது, கையும் மறையவில்லை. அந்த முயற்சி எவ்வளவு தூரம் போயிற்று என்று அறிய நாம் பிரித்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும், அதில் அவர்களுக்கு எந்த அவமரியாதையும் இல்லை.

விடுமுறையில் பாரிஸ் வந்தால் பொம்பிடூ மையம் திருத்த வேலைக்காக மூடியிருக்கும், அதை நம்பி வர வேண்டாம். மரே பகுதியில் பிக்காசோ அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சடித்த மெழுகுத்துணியை ஒட்டி, சுற்றிலும் கயிறு கட்டிய 1912ஆம் ஆண்டுப் படத்தைக் கேளுங்கள். அகலம் 37 சென்டிமீட்டர்தான், அவசரத்தில் தாண்டிப் போய்விடுவீர்கள். முன்கூட்டியே இணையத்தில் டிக்கெட் எடுத்துவிடுங்கள், திங்கட்கிழமை பூட்டு.